நர்ஸுக்கு எந்தச் சொல், காற்றாலைக்காரருக்கு எந்தச் சொல்?

பாளையங்கோட்டையிலிருந்து ஆசிரியை ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளங்களையும் எடுத்துவிட்டு, அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன்.

ஆங்கிலத்தில் எம்.ஏ., பி.எட். படித்தவர். மெட்ரிக் பள்ளி ஒன்றில் வேலை பார்த்தார். இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு, பெருமாள்புரத்தில் வீட்டு மாடியிலேயே சாயங்கால வகுப்பு தொடங்கினார். முதலில் கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். அப்புறம் ஒரு நர்ஸ் வந்தார், அவர் சொல்லி இன்னும் பலர் வந்தார்கள். இப்போது பதினோரு நர்ஸுகள் படிக்கிறார்கள். எல்லாருக்கும் இங்கிலாந்து, அயர்லாந்து மருத்துவமனை வேலைதான் கனவு. அதற்காக ஓ.இ.டி. என்ற, மருத்துவப் பணியாளர்களுக்கான ஆங்கிலத் தேர்வை எழுதப் போகிறார்கள். இதற்கிடையில் கயத்தாறு பக்கம் காற்றாலைப் பராமரிப்பு செய்யும் ஒரு நிறுவனம், தங்கள் டெக்னீஷியன்களுக்கு மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறது. ‘எந்தச் சொற்களைச் சொல்லித் தருவீர்கள் என்று முதலில் பட்டியல் அனுப்புங்கள்’ என்பது மேலாளரின் நிபந்தனை.

டீச்சர் தேட ஆரம்பித்தார். கிடைத்தவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ‘ஐயாயிரம் மருத்துவச் சொற்கள், இதைப் படித்தால் பி கிரேடு நிச்சயம்’ என்று ஒருவர் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு பி.டி.எஃப். விற்கிறார். ஒரு தோழி வெளிநாட்டுப் பாடப்புத்தகம் ஒன்றை முழுசாக ஸ்கேன் செய்து அனுப்பினார். இந்த நேரத்தில் வகுப்பில் ஒரு சங்கடம். உடம்பில் நீர்கோத்து வீங்குவதைக் குறிக்கும் சொல்லை ‘எடீமா’ என்று டீச்சர் உச்சரிக்க, பின்வரிசையிலிருந்து ஒரு நர்ஸ், “அது இடீமா டீச்சர், எங்களுக்குத் தெரியும்லா” என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அன்று ராத்திரி டீச்சருக்குத் தூக்கம் வரவில்லை. ‘தெரியாத துறையில் எதுக்குக் கை வைக்கிறே, காலேஜ் பிள்ளைகளோட நிறுத்திக்கோ’ என்கிறார் கணவர். துறைவாரியான சொற்பட்டியல் எங்கே கிடைக்கும், மருத்துவமும் இயந்திரமும் தெரியாமல் இதைச் சொல்லித்தர எனக்குத் தகுதி உண்டா, ஸ்கேன் புத்தகத்தை நகலெடுத்துக் கொடுக்கலாமா, நிறுவனத்துக்கு என்ன பதில் எழுத என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள டீச்சர்,

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற மூன்றும் அதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. உங்களுக்குத் தகுதி உண்டு. நர்ஸுகளை விட்டுவிடாதீர்கள். பணியில் இருப்பவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் தொழில். இந்த வேலைக்கு வரும் ஆசிரியர்களில் மிகப் பெரும்பாலோர் உங்களைப் போலவே மொழி படித்தவர்கள்தான். அந்த நர்ஸ் உங்களைத் திருத்தியது உங்கள் வகுப்புக்குக் கிடைத்த நல்ல சேதி. தன் துறைச் சொல் தனக்குத் தெரியும் என்பதை அவர் உங்களுக்குக் காட்டிவிட்டார். அப்படியானால் அவர் காசு கொடுத்து மாடி ஏறி வருவது வேறு எதற்காகவோ. அது எது என்று கண்டுபிடித்தால் பட்டியல் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும்.

பட்டியல்கள் இருக்கின்றன, ஆனால் யாருக்காக?

நீங்கள் தேடும் பட்டியல்கள் உண்மையிலேயே இருக்கின்றன, பலவும் இலவசம். ஒவ்வொன்றும் யாருக்காக, எதைப் படிப்பவருக்காகத் தொகுக்கப்பட்டது என்று பார்க்காமல் எடுத்தால்தான் தப்பாகும்.

அடிப்படையில் இருப்பது பொதுச் சொற்பட்டியல். 1953-ல் மைக்கேல் வெஸ்ட் வெளியிட்டது ஏறக்குறைய இரண்டாயிரம் தலைச்சொற்கள் கொண்டது. அவர் டாக்காவில் வங்காளப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தந்த அனுபவம் உள்ளவர். அதன் புதிய வடிவம் போல 2013-ல் பிரவுன், கல்லிகன், பிலிப்ஸ் மூவரும் ‘நியூ ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்’ வெளியிட்டார்கள். சுமார் 2,800 சொற்கள். பொதுவான ஆங்கில வாசிப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு சொற்கள் இதற்குள் அடங்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு. அதே குழு அலுவலக, வணிக ஆங்கிலத்துக்கும் தனிப்பட்டியல் போட்டிருக்கிறது. நாளைக்கு ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து யாராவது வந்து கேட்டால் அதைத் தொட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது கல்வித்துறைச் சொற்பட்டியல். நியூசிலாந்தின் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்டது, 570 சொற்குடும்பங்கள். ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம். கலை, வணிகம், சட்டம், அறிவியல் நூல்கள், கட்டுரைகளிலிருந்து மொத்தம் முப்பத்தைந்து லட்சம் சொற்களைத் திரட்டி, அதில் எல்லாத் துறைக்கும் பொதுவாக வருவதைப் பிரித்தெடுத்தார். கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது அருமையான பட்டியல். ஐ.இ.எல்.டி.எஸ். எழுதுபவர்களுக்கும் உதவும். உங்கள் காற்றாலைப் பையன்களுக்கு இதில் பாதி வேண்டாம்.

மருத்துவத்துக்கென்று 2008-ல் சீன ஆய்வாளர்கள் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். 623 சொற்குடும்பங்கள். பெயரைக் கேட்டதும் ‘கிடைச்சாச்சு’ என்று தோன்றும். ஆனால் அது மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து எடுத்தது. ஆய்வுக் கட்டுரை எழுதும் டாக்டருக்கு அது பொக்கிஷம். ராத்திரி இரண்டு மணிக்கு வலியில் துடிக்கும் கிழவியைச் சமாதானப்படுத்தும் நர்ஸுக்கு அதில் கிடைப்பது ரொம்பக் கொஞ்சம்.

பொறியியலில் ஒன்று எனக்குப் பிடித்தது. ஜெரமி வார்ட் 2009-ல் தாய்லாந்தில் ஆங்கிலம் வலுவில்லாத பொறியியல் மாணவர்களுக்காகத் தொகுத்த 299 சொற்கள். சிறியது, கூச்சமில்லாமல் அடிப்படையிலிருந்து தொடங்குவது. உங்கள் டெக்னீஷியன்களின் நிலைமைக்கு இது ஓரளவு நெருக்கம்.

இவற்றை ஒரு சல்லடையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் பொதுப் பட்டியலிலிருந்து ஆயிரத்துக்கு நூறு வீதம் எடுத்து, தெரிந்ததற்கு டிக் போடச் சொல்லுங்கள். முதல் இரண்டாயிரத்திலேயே ஓட்டை இருக்கிறதென்றால், துறைச்சொல்லை ஓரமாக வைத்துவிட்டு அந்த ஓட்டையை அடையுங்கள். ஓட்டை இல்லையென்றால் இந்தப் பட்டியல்களை மூடி வைத்துவிடலாம். பாடமாக வைத்து ‘அ’விலிருந்து ‘ஃ’ வரை நடத்த இவை உண்டாக்கப்படவில்லை.

நர்ஸுகளுக்குத் தெரியாத சொற்கள் எவை?

மருத்துவச் சொல்தான் அவர்களுக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டீர்கள். அவர்கள் நான்கு வருஷம் ஆங்கிலப் புத்தகத்தில் நர்சிங் படித்தவர்கள். எலும்பு, நரம்பு, நோய், மருந்து எல்லாப் பெயரும் அவர்கள் நாக்கில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள சின்னச் சின்னச் சொற்களில்தான் அவர்கள் தடுமாறுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அந்தத் தடுமாற்றம் நான்கு இடங்களில் வருகிறது.

ஒன்று, நோயாளியின் பேச்சு. இங்கிலாந்தில் ஒரு தாத்தா ‘வாமிட்’ என்று சொல்ல மாட்டார், ‘த்ரோயிங் அப்’ என்பார். சாப்பாடு இறங்கவில்லை என்பதற்கு ‘ஆஃப் மை ஃபுட்’. உடம்பு சரியில்லை என்பதற்கு ‘பூர்லி’. கை கால் மரத்துப்போய்ச் சுருக்கென்று குத்தினால் ‘பின்ஸ் அண்ட் நீடில்ஸ்’. சிறுநீர் சம்பந்தமான தொந்தரவைக் கூச்சத்தோடு ‘வாட்டர்வொர்க்ஸ்’ என்பார். இவற்றில் ஒன்றுகூட அந்த ஐயாயிரம் சொல் பி.டி.எஃபில் இருக்கும் என்று நான் நம்பவில்லை. நம் ஊர் வார்டில் ஒரு பாட்டி ‘வவுத்துக்குள்ள என்னமோ உருளுது’ என்று சொல்வதை நர்ஸ் எழுத்தில் எப்படிப் பதிகிறார் என்று யோசித்துப் பாருங்கள். அதே வேலையை ஆங்கிலத்தில் செய்யப் பழக்க வேண்டும்.

இரண்டு, நம் ஊரில் செல்லுபடியாகி அங்கே செல்லாத ஆங்கிலம். ‘லூஸ் மோஷன்’, ‘மோஷன் போனீங்களா’ என்பதெல்லாம் நம் மருத்துவமனைகளில் சகஜம். அங்கே ‘டயரியா’, ‘ஹேவ் யூ ஓப்பன்ட் யுவர் பவல்ஸ்’. வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது என்பதற்கு இங்கே ‘என்.பி.ஓ.’ எழுதிப் பழகியிருப்பார்கள். பிரிட்டிஷ் மருத்துவமனையில் ‘நில் பை மவுத்’. இங்கே ‘கேஷுவல்டி’, அங்கே ‘ஏ அண்ட் ஈ’. நாடி, ரத்த அழுத்தம் போன்றவற்றைப் பார்ப்பது இங்கே ‘வைட்டல்ஸ்’, அங்கே ‘ஆப்ஸ்’. இறந்துபோனவரை ‘எக்ஸ்பயர்ட்’ என்று குடும்பத்தாரிடம் சொன்னால் அங்கே மனம் நோகும். இந்தப் பட்டியலை உங்கள் நர்ஸுகளையே எழுதச் சொல்லுங்கள். இங்கே என்ன சொல்கிறோம் என்று ஒரு பத்தி, அங்கே என்ன சொல்வார்கள் என்று ஒரு பத்தி. ஏற்கெனவே அங்கே போய்விட்ட சீனியர் அக்காமார்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டாவது பத்தியைச் சந்தோஷமாக நிரப்பித் தருவார்கள்.

மூன்று, எல்லாருக்கும் தெரிந்த சொல் வார்டுக்குள் நுழைந்ததும் வேறு பொருள் எடுப்பது. ‘டெண்டர்’ என்றால் நமக்குப் பொதுப்பணித்துறை டெண்டர்தான் ஞாபகம் வரும். வார்டில் அது தொட்டால் வலிப்பது. ‘டிஸ்சார்ஜ்’ வீட்டுக்கு அனுப்புவதும் ஆகும், புண்ணிலிருந்து வடிவதும் ஆகும். ‘கம்ப்ளெயின்ட் ஆஃப்’ என்று எழுதினால் நோயாளி புகார் கொடுத்ததாக அர்த்தமில்லை. ‘அன்ரிமார்க்கபிள்’ என்ற ரிசல்ட் நல்ல ரிசல்ட். உடற்கூற்றியல் நூல் ஒன்றை 2003-ல் ஆராய்ந்த இருவர், அதில் மூன்றில் ஒரு பங்குச் சொற்கள் துறைச்சொற்கள் என்று கண்டார்கள். அவற்றில் மார்பு, கழுத்து போன்ற அன்றாடச் சொற்களும் சேர்த்தி. துறைச்சொல் என்றாலே லத்தீன் மாதிரி நீளமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

நான்காவது, சொற்களின் சேர்க்கை. ரத்த அழுத்தத்தை ‘டேக்’ செய்ய வேண்டும், புண்ணுக்குப் போட்ட கட்டை ‘சேஞ்ச்’ செய்ய வேண்டும், மருந்தை ‘அட்மினிஸ்டர்’ செய்ய வேண்டும். ‘டிரெஸ்ஸிங்’ என்ற பெயர்ச்சொல் தெரிந்த நர்ஸ், அதற்கு முன்னால் எந்த வினை வரும் என்று தெரியாமல் ‘டூ’ போட்டு ஒப்பேற்றுவார். ஆகவே உங்கள் பட்டியலில் ஒற்றைச் சொல்லாக எதையும் எழுதாதீர்கள். பக்கத்தில் நிற்கும் சொல்லோடு சேர்த்தே எழுதுங்கள்.

எடீமா விஷயத்துக்கும் வருகிறேன். பிரிட்டிஷ் எழுத்துமுறையில் அந்தச் சொல் ‘ஓ’ என்ற எழுத்தில் தொடங்கும். அனீமியா, ஹீமோகுளோபின், டயரியா எல்லாவற்றிலும் அமெரிக்க எழுத்துக்கும் பிரிட்டிஷ் எழுத்துக்கும் வித்தியாசம் உண்டு. இரண்டு விதப் புத்தகமும் புழங்குவதால் நம் நர்ஸுகள் கலந்துகட்டி எழுதுவார்கள். அடுத்த வகுப்பில் அந்த நர்ஸையே எழுப்பி உச்சரிப்பைச் சொல்லித்தரச் சொல்லுங்கள். எழுத்துமுறையை நீங்கள் நடத்துங்கள். இனிமேல் அந்த வகுப்பு இப்படித்தான் நடக்கும் என்பது எல்லாருக்கும் புரிந்துவிடும்.

தேர்வைப் பற்றி ஒரு விளக்கம். ஓ.இ.டி.யில் கேட்டலும் வாசித்தலும் எல்லா மருத்துவத் தொழிலுக்கும் பொது. எழுதுவதும் பேசுவதும்தான் நர்ஸுக்குத் தனி. எழுத்துத் தேர்வில் கேஸ் குறிப்புகளைக் கொடுத்து, பெரும்பாலும் நோயாளியை இன்னொருவரிடம் அனுப்பும் பரிந்துரைக் கடிதமோ டிஸ்சார்ஜ் கடிதமோ எழுதச் சொல்வார்கள். குறிப்பில் எதை எடுக்க, எதை விட என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பேச்சுத் தேர்வில் நோயாளியாக நடிப்பவரோடு இரண்டு உரையாடல். அவர் பயத்தைக் கவனித்தீர்களா, அவர் தரப்பைக் கேட்டீர்களா, விஷயத்தை ஒழுங்காகப் பிரித்துச் சொன்னீர்களா என்பதற்கெல்லாம் மதிப்பெண் உண்டு. மருத்துவ அறிவை அந்தத் தேர்வு சோதிப்பதில்லை. அரிய சொல்லைப் போட்டு நோயாளியைக் குழப்பினால் அங்கே நஷ்டம்தான். மூவாயிரத்து ஐந்நூறு ரூபாயைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

ஒரு எல்லை மட்டும் உண்டு. மருந்தின் அளவு, சுருக்கெழுத்து இவற்றை உங்கள் பொறுப்பில் சொல்லித்தராதீர்கள். யூனிட் என்பதற்கு வெறும் ‘யூ’ எழுதினால் பூஜ்யம் என்று படித்துவிடும் ஆபத்து உண்டு என்று அமெரிக்க மருத்துவமனைத் தர அமைப்பு அதைத் தடைசெய்த பட்டியலிலேயே வைத்திருக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் இதில் தனி விதி இருக்கும். நீங்கள் தயாரிக்கும் தாளை, அனுபவமுள்ள ஒரு நர்சிங் சூப்பரிண்டெண்டெண்ட் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு வகுப்பில் கொடுங்கள்.

காற்றாலைக்காரர்களுக்கு

கயத்தாறு, பணகுடி, ஆரல்வாய்மொழி வட்டாரத்தில் வேலை செய்யும் பையன்களுக்கு நாசெல், ஹப், பிளேடு, பிட்ச், யா, கியர்பாக்ஸ் என்ற காற்றாலைச் சொல்லெல்லாம் தமிழ்ச் சொல் மாதிரியே ஆகிவிட்டது. ‘யா மோட்டார் போச்சு சார், மேல ஏறணும்’ என்று அவர்கள் சொன்னால் அதில் சொல்லித்தர உங்களுக்கு ஒன்றும் இல்லை. அதையே வெளிநாட்டு இன்ஜினியருக்கு நான்கு வரி ரிப்போர்ட்டாக எழுதச் சொன்னால்தான் கை நிற்கும். அந்த ரிப்போர்ட்டுக்கு வேண்டியது மூன்று சின்னக் கூட்டங்கள். என்ன ஆயிற்று என்று சொல்பவை: கசிகிறது, தேய்ந்துவிட்டது, தளர்ந்திருக்கிறது, விரிசல் விட்டிருக்கிறது, துருப்பிடித்திருக்கிறது. என்ன செய்தோம் என்பவை: மாற்றினோம், இறுக்கினோம், ஆயில் நிரப்பினோம், ரீசெட் செய்தோம். ஏன் என்று சொல்பவை: ‘டியூ டு’, ‘காஸ்ட் பை’ மாதிரி. இந்த மூன்றையும் கோத்தால் ஒரு ரிப்போர்ட் ஆகிவிடும். அறுபது எழுபது சொல்லுக்கு மேல் வேண்டாம்.

இதைவிட முக்கியமானது பாதுகாப்பு. கையேடுகளில் ‘டேஞ்சர்’, ‘வார்னிங்’, ‘காஷன்’ என்று மூன்று சொல் வரும். நம் பையன்கள் மூன்றையும் ‘ஜாக்கிரதை’ என்றே படிக்கிறார்கள். அமெரிக்கத் தர விதிப்படி மூன்றுக்கும் தனித்தனி அளவு உண்டு. ‘டேஞ்சர்’ என்றால் தவிர்க்காவிட்டால் சாவோ பலத்த காயமோ நிச்சயம். ‘வார்னிங்’ என்றால் அது நேரக்கூடும். ‘காஷன்’ என்றால் சிறிய, நடுத்தரக் காயம் நேரக்கூடும். இதோடு ‘அன்லெஸ்’, ‘அன்டில்’, ‘பிஃபோர்’ என்ற மூன்று இணைப்புச் சொற்களையும் முதல் ஞாயிற்றுக்கிழமையே நடத்திவிடுங்கள். ‘மின்சாரத்தைத் துண்டிக்கும்வரை மூடியைத் திறக்காதே’ என்ற வாக்கியத்தில் ‘அன்டில்’ புரியாதவர் எண்பது மீட்டர் உயரத்தில் நிற்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு மனசு பதறும்.

விமானத் துறையில் கையேடு எழுதுபவர்களுக்காக ‘சிம்ப்ளிஃபைடு டெக்னிக்கல் இங்கிலீஷ்’ என்று ஒரு தரநிலை இருக்கிறது. சுமார் தொள்ளாயிரம் அனுமதிக்கப்பட்ட சொற்கள், கூடியவரை ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். ‘ஃபாலோ’ என்றால் பின்னால் வருவது மட்டுமே, விதியைக் கடைப்பிடிப்பதற்கு ‘ஒபே’. கேட்டு எழுதினால் இலவசமாகவே அனுப்புகிறார்கள். காற்றாலைக்கென்று உண்டானது அல்ல. ஆனாலும் வினைச்சொற்களை எவ்வளவு சிக்கனமாக வைத்துக்கொண்டு இயந்திர வேலையை எழுதிவிடலாம் என்று நீங்கள் பார்ப்பதற்காகவாவது வாங்கிப் படியுங்கள்.

நீங்களே தொகுப்பது

இதற்குப் பெரிய கல்வி வேண்டாம். நர்ஸுகள் உண்மையில் படிப்பதும் எழுதுவதும் என்னென்ன என்று முதலில் கேளுங்கள். பிறகு அதே வகைத் தாள்களை ஒரு முப்பது நாற்பது சேருங்கள். பிரிட்டிஷ் தேசிய சுகாதாரச் சேவையின் இணையதளத்தில் நோயாளிகளுக்காக எளிய ஆங்கிலத்தில் எழுதிய பக்கங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நோயாளிக்கு விளக்கும் மொழியை அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் எளிய எழுத்துக் கோப்பாக மாற்றி, ஜப்பானின் வசேதா பல்கலைக்கழகத்தில் இருக்கும் லாரன்ஸ் ஆண்டனி உருவாக்கிய ‘ஆண்ட்காங்க்’ என்ற மென்பொருளில் போடுங்கள். காசு கிடையாது, பழைய லேப்டாப்பிலும் ஓடும். எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது, அதன் இடமும் வலமும் எந்தச் சொற்கள் நிற்கின்றன என்று வரிவரியாகக் காட்டும். பொதுப் பட்டியலில் உள்ளதைக் கழியுங்கள். மிஞ்சுவதை நர்ஸுகளிடம் கொடுத்து, தெரிந்ததை அடிக்கச் சொல்லுங்கள். கடைசியில் நிற்பதுதான் உங்கள் பட்டியல். அது இருநூறோ முந்நூறோ இருக்கும். போதும்.

வரிசைப்படுத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். உடலுறுப்புகள் ஒரு நாள், வலிகள் ஒரு நாள் என்று வகைபிரித்து நடத்தத்தான் நமக்குக் கை போகும். 1990-களில் டிங்க்ஹாம், வேரிங் ஆகியோர் செய்த சோதனைகளில், ஒரே வகைப் புதுச்சொற்களை ஒன்றாகக் கற்றவர்கள் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டு தாமதமாகத்தான் கற்றார்கள். ஆடுதசை, முழந்தாள் எலும்புப் பகுதி, தொடை மூன்றின் பெயரையும் ஒரே நாளில் கொடுத்தால் எது எது என்று வாரக்கணக்கில் தடுமாறுவார்கள். ஒரு சம்பவத்தைச் சுற்றி எடுங்கள். கிழவர் கழிப்பறையில் வழுக்கி விழுந்தார், நர்ஸ் பார்த்தார், டாக்டரைக் கூப்பிட்டார். அந்த ஒரு சம்பவத்தில் வரும் பத்துப் பன்னிரண்டு சொற்சேர்க்கைகள் ஒரு வகுப்புக்குச் சரி. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்று நான்கு படியில் டாக்டரிடம் சொல்லும் ‘எஸ்பார்’ முறையை உங்கள் நர்ஸுகளுக்குத் தெரிந்திருக்கும். அந்த நான்கு படிக்குள் சொற்களைப் பொருத்தினால் பேச்சு, எழுத்து இரண்டுக்கும் ஒரே பயிற்சி ஆகிவிடும்.

நம் நிகண்டுகள் பொருள்வாரியாக, செய்யுளாக இருந்தன. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் பல வருஷம் மனப்பாடம் செய்ய அது சரியாக இருந்தது, ஓசையே சொல்லைப் பிடித்து வைத்தது. உங்கள் கயத்தாற்றுக்குப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் சமயப்பணி செய்த வீரமாமுனிவர் 1732-ல் சதுரகராதியை அகரவரிசையில் அமைத்தார். தேவைப்படும்போது புரட்டி எடுப்பவர்களுக்கு அந்த வரிசை வேண்டியிருந்தது. நீங்களும் இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் நடத்தச் சம்பவவாரியாக ஒன்று, சட்டைப் பையில் வைத்துப் புரட்ட அகரவரிசையில் ஒன்று.

நகல், ரகசியம்

நான் வழக்கறிஞர் இல்லை, ஆனால் இந்தத் தொழிலில் தெரிந்துவைத்திருக்க வேண்டிய அளவு சொல்கிறேன். 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, பாடம் நடத்தும்போது ஆசிரியர் நகலெடுப்பதற்கு விலக்குத் தருகிறது. 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம் பல்கலைக்கழக நகல் கடை வழக்கில் அதற்கு விரிவாகவே பொருள் சொன்னது. ஆனால் அது பல்கலைக்கழக மாணவர்களின் பாடத்தொகுப்பு. கட்டணம் வாங்கி நடத்தும் தனியார் வகுப்பில், முழுப் புத்தகத்தின் ஸ்கேனைப் பிரதியெடுத்துக் கொடுத்துவிட்டு அந்தத் தீர்ப்பைக் காட்ட முடியும் என்று நம்பாதீர்கள். ஒரு பிரதி விலைக்கு வாங்கி நீங்கள் படியுங்கள். தனித்தனிச் சொல் யாருக்கும் சொந்தமில்லை. தொகுத்த விதமும், எழுதிய விளக்கமும் பயிற்சியும்தான் ஆசிரியருக்குச் சொந்தம். நான் மேலே சொன்ன 2013 பட்டியலைப் பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்த அனுமதி உண்டு. உலக சுகாதார நிறுவன வெளியீடுகள் பலவற்றில் ‘வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு’ என்ற நிபந்தனை இருக்கும், கட்டண வகுப்புக்கு எடுக்கும் முன் அந்த வரியைப் படியுங்கள்.

இன்னொன்றில் இதைவிடக் கண்டிப்பாக இருங்கள். ‘நிஜமான கேஸ் ஷீட்டை போட்டோ எடுத்துட்டு வாரோம் டீச்சர்’ என்று நர்ஸுகள் அன்பாகச் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நோயாளியின் பெயரும் நோயும் உங்கள் செல்போனுக்குள் வருவது அவருக்குச் செய்யும் துரோகம், நர்ஸுக்கு வேலை போகும் காரியமும்கூட. காலிப் படிவம் போதும். நிரப்புவதைக் கற்பனையாக நிரப்பலாம். காற்றாலைக் கையேடும் நிறுவனத்தின் சொத்து, அனுமதி எழுத்தில் இல்லாமல் ஒரு பக்கம்கூட மாடிக்கு வரக் கூடாது.

மேலாளருக்கு என்ன எழுத?

பட்டியல் கேட்டவருக்குப் பட்டியல் அனுப்பாதீர்கள். ‘உங்கள் பணியாளர்கள் எழுதிய பழைய பழுது ரிப்போர்ட் இருபதும், பாதுகாப்புக் கையேட்டின் முக்கியப் பகுதிகளும் பார்க்கத் தந்தால், பத்து நாளில் உங்கள் வேலைக்கென்றே தொகுத்த சொற்பட்டியலைத் தருகிறேன். ஆவணங்களை வெளியே காட்ட மாட்டேன் என்று எழுதித் தருகிறேன்’ என்று பதில் போடுங்கள். சீனியர் டெக்னீஷியன் ஒருவர் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும் என்றும் கேளுங்கள். தொகுக்கும் வேலைக்குத் தனிக் கட்டணம் சொல்லுங்கள், தயங்க வேண்டாம், அது வகுப்பைவிடக் கடினமான வேலை. மூன்று மாதத்தில் சரளமாகப் பேசவைப்பேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான்கு வரி ரிப்போர்ட்டைப் பிழையில்லாமல் எழுதுவார்கள், எச்சரிக்கைகளைப் புரிந்து படிப்பார்கள் என்று எழுதுங்கள். அதைக் கடைசியில் சோதித்துக் காட்டவும் முடியும்.

எந்த மாதம் தொடங்குவது என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். வைகாசி தொடங்கி ஆவணி வரை கணவாய்க் காற்று வீசும் காலத்தில் ஒரு டர்பைன் நின்றால்கூட நிறுவனத்துக்கு நஷ்டம், ஞாயிறு என்றும் பார்க்காமல் பையன்களைக் கோபுரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஐப்பசிக்கு மேல் வைத்துக்கொண்டால் பதினான்கு பேர் என்றால் பதினான்கு பேரும் வருவார்கள்.